ஓவிய வகுப்புக்கு அம்மா வரட்டும்

நெல்லைச் சீமையில் ஆழ்வார்குறிச்சியை ஒட்டி ஓடும் கடனா நதி தாமிரபரணியில் கலக்கும் இடம் திருப்புடைமருதூர். அங்கே நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நிலைக்கு நிலை சுவரெல்லாம் ஓவியம், தூணிலும் உத்தரத்திலும் மரச் சிற்பம். புராணக் காட்சிகளுக்கு நடுவே குதிரைகளை ஏற்றிவரும் கப்பல்கூட உண்டு. குற்றாலத்துக்குப் போனால் சித்திர சபையில் நடராசர் சுவரோவியமாகவே பூசை பெறுகிறார். அம்பாசமுத்திரத்தில் மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றிச் சொப்புச் சாமான் செய்கிறார்கள். பத்தமடையில் ஆற்றங்கரைக் கோரையை ஊறவைத்துக் கிழித்துச் சாயமேற்றி, துணிபோல மடித்து வைக்கக்கூடிய மெல்லிய பாய் நெய்கிறார்கள். காருகுறிச்சியில் மண்பானை வனைகிறார்கள். ஆற்றோடு இன்னும் கீழே இறங்கினால் ஆதிச்சநல்லூர். அங்கே 2004-05 அகழாய்வில் கிடைத்த ஒரு பானை ஓட்டில் பெண், மான், முதலை, கொக்கு என ஒரு காட்சியே புடைப்பாக ஒட்டப்பட்டிருந்தது. ஒரே ஆற்றுப் படுகையில் இவ்வளவு கைவேலை. அதே படுகையில் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து ஐந்தாம் வகுப்பை முடித்து வெளியே வரும் குழந்தைக்கு ஓவியத்துக்கென்று ஓர் ஆசிரியர் கிடையாது.

இந்த இடைவெளி சட்டத்திலேயே இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், கலைக்கும் உடற்கல்விக்கும் கைத்தொழிலுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று தன் அட்டவணையில் சொல்கிறது. ஆனால் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்குத்தான் அப்படிச் சொல்கிறது. அதிலும் நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்கு மட்டும். தொடக்கப் பள்ளியில் அறுபது குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் பிரித்துக்கொண்டு நடத்தும் பள்ளியில், தமிழும் கணக்கும் தாண்டி வண்ணப் பென்சிலை எடுக்க யாருக்கு நேரம்? 2012இல் தமிழ்நாட்டில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கணினி என்று பல பாடங்களுக்கு, வாரத்தில் மூன்று அரை நாள் வேலை, தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய் சம்பளம். பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்காகப் போராடிவரும் அவர்களும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் பாடம் நடத்துகிறார்கள்.

ஆறாம் வகுப்பு என்பது தாமதம். குழந்தை ஓவியத்தை ஆராய்ந்த விக்டர் லோவன்ஃபெல்டு 1947இல் வெளிவந்த தன் நூலில் ஒரு வளர்ச்சிப் பாதையை விவரித்தார். கிறுக்கலில் தொடங்கும் குழந்தை நான்கைந்து வயதில் தலையும் காலும் மட்டுமுள்ள மனிதரை வரைகிறது. ஏழெட்டு வயதில் தரைக்கு ஒரு கோடு இழுத்து அதன்மேல் உலகத்தை நிறுத்துகிறது. ஒன்பது, பத்து, பதினோரு வயதில் தன் படத்தைப் பக்கத்துப் பிள்ளையின் படத்தோடும் அச்சிட்ட படத்தோடும் ஒப்பிடத் தொடங்குகிறது. தன் கையின் மீதே அதற்குச் சந்தேகம் வருகிறது. ‘எனக்கு வரைய வராது’ என்று பிள்ளைகள் சொல்லத் தொடங்கும் வயது இதுதான். அரசு அனுப்பும் ஓவிய ஆசிரியர் வகுப்புக்குள் நுழையும் வயதும் ஏறக்குறைய இதுதான். தயக்கமில்லாமல் கை ஓடும் ஐந்து ஆண்டுகளை ஆளில்லாமல் விட்டுவிட்டு, கை தயங்கும் வயதில் ஆளை அனுப்புகிறோம். ஆகவே நான் முன்வைக்கும் யோசனை இது: ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளில் வாரம் ஒரு பாடவேளை ஊரின் கையில் தரப்படவேண்டும். வகுப்பில் பிள்ளை படிக்கும் அம்மாவோ அப்பாவோ, பாய் நெய்யும் பெண்ணோ, பானை வனைபவரோ, ஊர்க் கல்லூரி மாணவியோ உள்ளே வந்து ஒரு கலைவேலையை நடத்தவேண்டும். அவர்களுக்கு அதற்கு மதிப்பூதியம் தரப்படவேண்டும். கூடவே சிறு பயிற்சியும்.

பயிற்சி பெற்ற ஆசிரியரே திணறும் இடத்தில் ஊர்க்காரர் என்ன செய்துவிடுவார் என்ற கேள்வி முதலில் எழும். தமிழ்நாடு இதற்கு ஏற்கெனவே ஒரு விடை கண்டிருக்கிறது. கொரோனா கால விடுப்பில் குழந்தைகள் இழந்ததை மீட்க 2021 அக்டோபர் 27 அன்று ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள், மாலையில் இருபது பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. அபிஜீத் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளாதார அறிஞர்கள் கிராமப்புறத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து ஆய்ந்தார்கள். இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்று கணக்கிட்டார்கள். அவர்கள் அளந்தது எழுத்தையும் எண்ணையும்தான், ஓவியத்தை அளக்கவில்லை. ஆனாலும் முக்கியமான ஒன்று தெளிவாயிற்று. ஆசிரியர் பட்டயம் இல்லாத பக்கத்து வீட்டு அக்காவிடம் குழந்தைகள் உட்காருகிறார்கள், கேட்கிறார்கள், கற்கிறார்கள். இந்த மண்ணுக்கு இது புதிதும் இல்லை. 1990களில் நெல்லை மாவட்டத்து அறிவொளி இயக்கம் தெருநாடகமும் பாட்டுமாக ஊர் ஊராகப் போனது தன்னார்வலர்களின் தோளில்தான். அதில் ஒருங்கிணைப்பாளராக இருந்த எழுத்தாளர் ச.தமிழ்ச்செல்வன் அந்த நாட்களை ‘இருளும் ஒளியும்’ என்ற நூலில் பதிவு செய்திருக்கிறார். கலையும் கற்பித்தலும் அன்று ஒன்றாகவே நடந்தன.

கலைக்கென்றே உள்ள சான்றைத் தேடினால் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் வருகிறது. டேனியல் போவன், பிரயன் கிஸிடா இருவரும் 2019இல் வெளியிட்ட ஆய்வு அது. 42 பள்ளிகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். எந்தப் பள்ளிக்குக் கலைத்திட்டம் கிடைக்கும் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்து, கிடைத்த பள்ளியையும் கிடைக்காத பள்ளியையும் ஒப்பிட்டார்கள். அங்கே கலையைப் பள்ளிக்குள் கொண்டுவந்தவர்கள் ஊரில் இயங்கும் கலைஞர்களும் கலை அமைப்புகளும். விளைவு: ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான மாணவர் விகிதம் 3.6 சதவிகிதப் புள்ளி குறைந்தது; எழுதும் திறன் தேர்வில் மதிப்பெண் கூடியது; பிறர்பால் பரிவு அளவுகோலில் ஏற்றம் தெரிந்தது. கணக்கிலும் வாசிப்பிலும் அறிவியலிலும் சரிவு ஏதும் இல்லை. கடைசியில் சொன்னதைத்தான் நம் தலைமையாசிரியர்களும் பெற்றோரும் அதிகம் கவனிக்கவேண்டும். ஒரு பாடவேளையைக் கலைக்குத் தந்தால் கணக்கு கெட்டுப்போகும் என்ற அச்சத்துக்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை.

இதற்குமேல் ஆசைப்படவும் கூடாது. ஓவியம் வரைந்தால் கணக்கில் நூறு வாங்கலாம் என்று சில தனியார் பயிற்சி மையங்கள் விளம்பரம் செய்கின்றன. எலன் வின்னர், லோயிஸ் ஹெட்லாண்டு இருவரும் 2000இல் பல பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துவிட்டு, கலைக்கல்வி பாட மதிப்பெண்ணை உயர்த்துகிறது என்ற பொதுவான வாதத்துக்கு உறுதியான காரண ஆதாரம் இல்லை என்றார்கள். கலையை அதற்காகவே கற்பிக்க வேண்டும் என்பது அவர்கள் நிலை; என் நிலையும் அதுவே. ஆழ்வார்குறிச்சிக் குழந்தை களிமண்ணைப் பிசைய வேண்டியது பத்தாம் வகுப்பில் கணக்குத் தேறுவதற்காக இல்லை. உலகத்தைக் கூர்ந்து பார்க்கவும், பார்த்ததைத் தன் கையால் உருவாக்கவும், உருவாகாதபோது மறுபடி முயலவும் ஒரு மனிதப்பிள்ளைக்கு உரிமை உண்டு. சாந்திநிகேதனில் ஓவியம் பயின்று 1944இல் சேவாகிராமத்துக்குப் போன தேவி பிரசாத், கலை கல்வியின் அடிப்படை என்று வாதிட்டு ஒரு நூலே எழுதினார். காந்தியின் ஆதாரக் கல்விப் பள்ளியில் நூற்பும் விவசாயமும் கற்ற பிள்ளைகளுக்கு ஓவியத்தையும் மட்பாண்டத்தையும் கற்பித்த அனுபவத்திலிருந்து அவர் எழுதினார். ஏழைப் பிள்ளைக்குக் கலை ஆடம்பரம் என்ற பேச்சுக்கு அவர் பள்ளியே பதிலாக இருந்தது.

தன்னார்வலர் வகுப்புக்குள் வந்துவிட்டால் போதாது. வந்தவர் என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் ஊரில் ஓவிய வகுப்பு என்றால் கரும்பலகையில் ஒரு படம், அதைப் பார்த்து நாற்பது பிரதி. அந்தப் படமும் எல்லோருக்கும் தெரிந்ததே: இரண்டு முக்கோண மலை, நடுவே உதிக்கும் சூரியன், ஓர் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை. ஆழ்வார்குறிச்சிக் குழந்தைக்கு மலை தெரியாதா? பள்ளி வாசலில் நின்றால் மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதும் தெரிகிறது. அது முக்கோணமாக இல்லை. காலையில் ஒரு நீலம், மழைக்கு முன் ஒரு கறுப்பு, சாரல் காலத்தில் பாதி மலையே இருக்காது. இன்னொன்று: இந்த ஊரில் மலை மேற்கே இருக்கிறது. மலைக்குப் பின்னால் சூரியன் மறைகிறது, அங்கிருந்து உதிப்பதே இல்லை. தினமும் கண்ணால் காண்பதை விட்டுவிட்டு, யாரோ அச்சடித்த சூரியனை மலையிடுக்கில் உதிக்கவைக்கக் குழந்தையைப் பழக்குகிறோம். அச்சிட்ட உருவத்துக்குள் வண்ணம் தீட்டும் புத்தகங்களை லோவன்ஃபெல்டு எதிர்த்த காரணம் இதுவே. தன்னார்வலர் மாதிரிப் படம் ஒன்றைக் கொண்டுவந்து எல்லோரையும் அதைப்போலவே செய்யச் சொன்னால், ஆசிரியர் செய்யும் தவறையே வெளியாள் வந்து செய்ததாகிவிடும்.

பரிசைப் பற்றியும் சொல்லவேண்டும். 2022-23 கல்வியாண்டு முதல் பள்ளிக்கல்வித் துறை நடத்தும் கலைத் திருவிழா நல்ல முயற்சி. பறையும் கூத்தும் பள்ளி மேடைக்கு வந்ததை மனமார வரவேற்கிறேன். ஆனால் அது போட்டி. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று மேலே போகப் போக ஆட்கள் குறைகிறார்கள்; வகுப்பில் முப்பது பேர் இருந்தால் மூன்று பேர் மேடையில், மிச்சப் பேர் கைதட்டுகிறார்கள். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்து, யாரும் எதுவும் சொல்லாத நேரத்தில் கவனித்தபோது, சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்ததில் ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். ஊர்க்காரர் நடத்தும் பாடவேளைக்கு இதனால்தான் தனி மதிப்பு இருக்கிறது. அவரிடம் மதிப்பெண் ஏடு இல்லை. முதல் பரிசு தரும் அதிகாரமும் இல்லை. மதிப்பிடாமல், திருத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் ஒரு பெரியவர் குழந்தைக்குக் கிடைக்கிறார். அவருக்குத் தரவேண்டிய பயிற்சியும் பெரும்பாலும் இதைப் பற்றியதுதான். பிள்ளையின் தாளில் உங்கள் பென்சிலை வைக்காதீர்கள். ‘இது என்ன, யானையா?’ என்று கேட்காதீர்கள். ‘இதைப் பத்திச் சொல்லுலே’ என்று கேளுங்கள், சொல்லும்வரை காத்திருங்கள். ஒரு நாளில் முடிகிற வேலையைவிட ஒரு மாதம் நீளும் வேலையைக் கொடுங்கள்.

நீளும் வேலைக்கு இந்தப் பள்ளத்தாக்கில் பஞ்சமில்லை. கடனா நதியை அணையிலிருந்து திருப்புடைமருதூர் வரை நீளமாக ஒட்டிய தாளில் வரையலாம். அவரவர் குளிக்கும் படித்துறையை, தாத்தாவின் வயலை, ரயில் பாலத்தை அவரவரே நிரப்பலாம். பாய் நெய்யுமிடத்தில் கழித்துப்போடும் கோரைத் துண்டுகளைச் சாயத்தோடு வாங்கிவந்து அட்டையில் ஊடும்பாவுமாக நெய்யலாம். ஊடும் பாவும் மாறிமாறி ஏறி இறங்குவதைக் கையால் கண்ட குழந்தைக்குக் கட்டத் தாளும் ஒற்றை இரட்டை எண்ணும் தானாக வந்து சேரும். சேராவிட்டாலும் நெய்தது நெய்ததுதான். குளத்து மண்ணைச் சலித்து நீர்விட்டு மிதித்துப் பதமாக்குவதே ஒரு வார வேலை. பதம் தவறினால் உலரும்போது வெடிக்கும்; ஏன் வெடித்தது என்று கேட்கப் பானை வனைபவரே வகுப்பில் இருப்பார். மைதானத்தில் புள்ளிக்கோலம் போடச்சொன்னால் பையன்களும் போடவேண்டும். பனையோலையில் காற்றாடியும் கிலுகிலுப்பையும் முடையத் தெரிந்த பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள், பத்தாண்டு கழித்து இருக்கமாட்டார்கள். பள்ளிச் சுவரையும் மறந்துவிடக் கூடாது. நன்கொடையாளர் பணத்தில் ஓவியர் ஒருவர் வந்து தலைவர் படமும் கார்ட்டூன் உருவமும் எழுதிவிட்டுப் போகிறார், பிள்ளைகள் தொடாமல் பார்க்கிறார்கள். அதில் ஒரு சுவரையாவது அவர்களுக்கு விட்டுவைக்கலாம்.

இனி எதிர்ப்புகள். வலுவானதிலிருந்தே தொடங்கவேண்டும். தன்னார்வலரை உள்ளே விட்டால் அரசு ஓவிய ஆசிரியர் பணியிடத்தையே மூடிவிடும் என்ற அச்சம் நியாயமானது. 5,000 ரூபாயில் தொடங்கிய பகுதிநேர ஆசிரியர் சம்பளம் 12,500 ஆக உயர ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. மலிவாக ஆள் கிடைத்தால் எந்த நிர்வாகமும் மலிவையே தேடும். ஆனால் தொடக்கப் பள்ளியில் பறிபோக ஒரு பணியிடமே இல்லை. இல்லாத ஒன்றை ஊர் கேட்கத் தொடங்க, அது என்னவென்று ஊர் முதலில் கண்ணால் காணவேண்டும். இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரை ஒட்டிய வில்லா செல்லா கிராமத்தில் 1945 வசந்தத்தில், போர் முடிந்த சில நாட்களில், பெற்றோர்கள் தங்கள் கையாலேயே ஒரு மழலைப் பள்ளி கட்டத் தொடங்கினார்கள். பின்வாங்கிய ஜெர்மன் படை விட்டுப்போன பீரங்கி வண்டியையும் லாரிகளையும் குதிரைகளையும் விற்ற பணம்தான் அதற்கு முதல். செய்தி கேட்டு சைக்கிளில் போய்ப் பார்த்த லோரிஸ் மலகுஸ்ஸி என்ற இளம் ஆசிரியர் வாழ்நாள் முழுவதும் அந்தப் பள்ளிகளை வளர்த்தார். 1963இல் நகராட்சியே மழலைப் பள்ளி நடத்த முன்வந்தது. அந்தப் பள்ளிகளில் கலைக்கூடமும் அதற்கென்று சம்பளம் பெறும் கலைஞரும் நிரந்தர இடம் பெற்றார்கள். பெற்றோர் தொடங்கியதால் அங்கே அரசின் பொறுப்பு கரையவில்லை, வளர்ந்தது. பெற்றோர்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததால் வளர்ந்தது. நம் ஊரிலும் தன்னார்வலர் பாடவேளையோடு கூடவே, தொடக்கப் பள்ளித் தொகுப்புக்கு ஒரு கலை ஆசிரியர் வேண்டும் என்ற கோரிக்கையும் எழுத்தில் போகவேண்டும். அந்த ஆசிரியர் வந்தால் தன்னார்வலர்களைப் பயிற்றுவிப்பது அவர் வேலை.

தமிழ்நாட்டில் மட்டும் எழக்கூடிய எதிர்ப்பு ஒன்று உண்டு. அது எழவேண்டும் என்றே விரும்புகிறேன். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தின்படி கிராமத்துப் பிள்ளை ஒரு வேளை பள்ளியிலும் மறு வேளை தகப்பன் தொழிலிலும் இருக்கவேண்டும். குலக்கல்வி என்று பெரியாரும் திராவிட இயக்கமும் எதிர்த்தார்கள், ஊர் கொதித்தது, ராஜாஜி பதவி விலகினார், 1954இல் காமராஜர் அதைக் கைவிட்டார். 2024இல் மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தைத் தமிழ்நாடு ஏற்க மறுத்தபோதும் குடும்பத் தொழில் என்ற நிபந்தனையையே முதல் குறையாகச் சுட்டியது. மண்ணும் கோரையும் பள்ளிக்குள் வந்தால் பழைய பேய் திரும்பி வராதா? யார் கற்பிக்கிறார், யார் கற்கிறார் என்பதைப் பொறுத்தது அது. குயவர் மகனை மண்ணிடமே திருப்பி அனுப்புவது குலக்கல்வி. குயவர், ஆசிரியர் நிற்கும் இடத்தில் நின்று, எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் மண்ணைக் கற்பிப்பது அதற்கு நேர்மாறு. பிறப்போடு கட்டிவைத்த கைத்திறனை அந்தக் கட்டிலிருந்து அவிழ்க்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: எந்தத் தொழில் வீட்டுப் பிள்ளையையும் ‘ஒனக்குத்தான் தெரியுமே’ என்று முன்னே இழுக்கக் கூடாது.

நெல்லைச் சீமையில் இதைப் பொதுவாகச் சொல்லி நகர முடியாது. இங்கே பள்ளிப் பிள்ளையின் மணிக்கட்டில் இருக்கும் கயிற்றின் நிறம் சாதியைச் சொல்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில், வண்ணக் கயிறு உள்ளிட்ட சாதி அடையாளங்களைப் பள்ளியில் தடைசெய்யச் சொன்னது. தடை வேண்டும். அதோடு, வண்ணம் வேறொன்றாகவும் இருக்கமுடியும் என்பதைக் குழந்தைகள் சிறு வயதிலேயே கையால் அறியவும் வேண்டும். ஒரே தாளில் ஐந்து பேர், சீட்டுக் குலுக்கிச் சேர்த்த குழு, ஒரே சாயக் கிண்ணம், ஒரே மண் உருண்டை. ஒருவர் பிசைந்ததை இன்னொருவர் வாங்கி உருட்டும் வேலையில் தொடுகை தவிர்க்கமுடியாதது. கலைப் பாடவேளை சாதியை ஒழித்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். பத்தாம் வகுப்பில் கயிறு கட்டப்போகும் கைகள் எட்டு வயதில் ஒன்றாக ஒரு வேலை செய்திருப்பது வீண்போகாது என்று மட்டும் சொல்வேன். இதே காரணத்தால், வகுப்புக்குள் வரும் பெரியவர்களும் ஒரே தெருவிலிருந்து வரக்கூடாது. எல்லாத் தெருவிலிருந்தும் முறைவைத்து வரவேண்டும். காலனித் தெருப் பெண் கற்பிக்க, அக்ரகாரத்துப் பிள்ளையும் மேலத்தெருப் பிள்ளையும் ‘டீச்சர்’ என்று கூப்பிடுவதில் ஒரு பாடம் இருக்கிறது. அதை எந்தப் புத்தகத்தாலும் நடத்த முடியாது.

பாதுகாப்பு பற்றிய கவலைக்கு நீண்ட பதில் தேவையில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தைப் பற்றி முதல் நாளே சொல்லிக்கொடுக்கவேண்டும். வகுப்பாசிரியர் அறையை விட்டுப் போகக்கூடாது. தன்னார்வலர் யாரென்று பள்ளி மேலாண்மைக் குழு பெயர் எழுதி ஒப்புதல் தரவேண்டும். குழந்தைகளின் படத்தை வாட்ஸ்அப்பில் போட யாருக்கும் அனுமதியில்லை.

நேரம்தான் பெரிய கேள்வி. வசதியான நாடுகளில், பகலில் ஓய்வுள்ள பெற்றோர் வகுப்பில் வந்து கலைவேலை நடத்துவது பல பள்ளிகளில் வழக்கம். ஆழ்வார்குறிச்சி, கடையம், முக்கூடல் வட்டாரத்தில் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் மடியில் பீடித் தட்டு இருக்கிறது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கை நின்றால் கூலி நின்றது. ஒரு மணி நேரம் பள்ளிக்கு வா என்று அவரைக் கூப்பிடுவது, அந்த மணி நேரத்துப் பீடியை விட்டுவிட்டு வா என்று கூப்பிடுவது. காசில்லாமல் கூப்பிட்டால் வரக்கூடியவர்கள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். பீடி சுற்றும் அம்மாவின் பிள்ளைக்கு, தன் அம்மா வகுப்பின் முன்னால் நிற்கும் நாள் வரவே வராது. நனைத்துப் பதமாக்கிய பீடி இலையைக் கத்தரித்து, தூள் அள்ளி, கண்ணால் பார்க்காமலே ஒரே அளவில் சுருட்டி மடிக்கும் அந்த விரல்களின் திறன் எந்தக் கைவினைக்கும் குறைந்ததில்லை. அதை நிக்கோட்டின் இல்லாத வேலையில் பிள்ளைகளுக்குக் காட்டும் வாய்ப்பு அவருக்கு இதுவரை யாரும் தரவில்லை.

எனவே மதிப்பூதியம் கட்டாயம். இல்லம் தேடிக் கல்வி 1,000 ரூபாயாவது கொடுத்தது. அதனால்தான் இரண்டு லட்சம் பேர் வந்தார்கள், தங்கினார்கள். பணத்துக்கு ஊரிலேயே வழி உண்டு. 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் முன்னாள் மாணவர்களிடமும் நிறுவனங்களிடமும் நன்கொடை திரட்டுகிறது. அது பெரும்பாலும் கட்டடத்துக்கும் மேசைக்கும் திரைக்கும் போகிறது; கலைப் பாடவேளைக்கு வரும் ஊர்க்காரரின் கூலிக்கும் போகலாம். வெளியூர் போய்ச் சம்பாதித்துப் பிறந்த ஊருக்குப் பள்ளி கட்டும் மரபு இங்கே ஆழமாக வேரூன்றியது. அமால்கமேஷன்ஸ் குழுமத்தைக் கட்டியெழுப்பிய எஸ்.அனந்தராமகிருஷ்ணன் ஆழ்வார்குறிச்சிக்காரர். சிவசைலத்து அம்மன் பெயரில் நிற்கும் பரமகல்யாணி கல்வி நிறுவனங்கள் அந்த மரபின் சாட்சி. பரமகல்யாணிக் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் வாரம் ஒரு பிற்பகல் தொடக்கப் பள்ளியில் மண் பிசைய வந்தால், தன்னார்வலர் அம்மாவுக்குத் துணைக் கைகள் கிடைக்கும்.

இதையெல்லாம் தொடங்க மேலிடத்து ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2024இல் மறுகட்டமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டது. குழு கூடும் நாளில் குடிநீர்த் தொட்டி, கழிவறைக் கதவு, காலைச் சிற்றுண்டி எல்லாம் பேசிமுடித்த பிறகு இன்னொரு தீர்மானத்தையும் எழுதலாம். வாரத்தில் எந்த நாள், எந்தப் பாடவேளை. முதல் பருவத்தில் யார் யார், எந்தெந்தத் தெருவிலிருந்து. கோரையும் மண்ணும் எங்கிருந்து வரும். பீடி சுற்றும் அம்மாவுக்கு ஒரு மணி நேரத்துக்கு அவர் இழக்கும் கூலிக்குக் குறையாமல் எவ்வளவு, அது எந்தக் கணக்கிலிருந்து, எந்தத் தேதியில் அவர் கைக்குப் போய்ச் சேரும்.